அம்பைக் கீழே வைக்கலாம், தடத்தை அழிக்கலாகாது

வைகாசிப் பௌர்ணமி நெருங்கும்போதெல்லாம் இரண்டு வகையான படங்கள் நம் திரைகளில் வந்து விழுகின்றன. ஒன்றில், மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தின் அயோத்தியா மலையை நோக்கி வில்லும் அம்பும் ஈட்டியுமாகச் சந்தால் ஆண்கள் நடந்து செல்கின்றனர். மற்றொன்றில், கொல்லப்பட்ட காட்டுப்பன்றியோ காட்டுப்பூனையோ மூங்கிலில் தொங்குகிறது. முதற்படத்தைப் பகிர்பவர் ‘பண்பாடு’ என்கிறார். இரண்டாவதைப் பகிர்பவர் ‘குற்றம்’ என்கிறார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இரு படங்களிலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்: மண்ணில் பதிந்த தடத்தை வாசிக்கும் அறிவு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறேன். கூட்டு வேட்டையில் விலங்குகளைக் கொல்வது தொடரக் கூடாது. 2018 மார்ச் தொடக்கத்தில், லால்கர் காட்டில் தானியங்கிக் கேமரா ஒன்றில் புலி பதிவானது. அப்பகுதியில் எவரும் எதிர்பாராத வருகை அது. ஏப்ரல் 13 அன்று, வேட்டைக் காலத்தின் நடுவே, அந்தப் புலி காயங்களுடன் இறந்து கிடந்தது. தென்மேற்கு வங்கத்தின் காடுகள் இன்று சிறு சிறு துண்டுகளாகிவிட்டன. பெருங்கூட்டம் ஒரே நாளில் நுழையும் வேட்டையை அவை தாங்கா. இதை மறைத்துவிட்டு மரபைப் போற்றுவது நேர்மையாகாது.

ஆயினும், தடையை ஆதரிக்கும் நாம் எவற்றையெல்லாம் சேர்த்துத் தடைசெய்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

வில் வலுக்குறைந்த கருவி. துப்பாக்கி தொலைவிலிருந்தே கொல்லும். வில்லேந்தியவரோ காற்றின் திசையறிந்து, சருகு மிதிபடாமல், விலங்கின் அருகே சென்றாக வேண்டும். அம்பு தைத்த விலங்கும் பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை. அது ஓடும், இலையில் தெறித்த குருதித் துளிகளையும் ஒடிந்த புல்லையும் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பின்தொடர வேண்டும். கருவியால் இயலாததை அறிவால் ஈடுசெய்தாக வேண்டிய நிலையில் வளர்ந்த கலை இது.

அந்த அறிவின் செயல்முறையைக் கவனியுங்கள். தடம் எப்போது பதிந்தது என்பதே முதற்கேள்வி. ஈரம் உலர உலர விளிம்பு உதிரும். இரவில் ஊரும் பூச்சியின் கோடு தடத்தின்மேல் சென்றிருந்தால், விலங்கு அதற்கும் முன்னரே கடந்திருக்கிறது. சிறுத்தையின் தடத்தில் பொதுவாக நகக்குறி விழாது. கழுதைப்புலியின் தடத்தில் விழும். கரடியின் பின்னங்கால் தடம் மனிதக் காலடியை ஒத்திருக்கும். இவ்வாறு எட்டிய ஒவ்வொரு முடிவும் ஒரு கருதுகோள். அடுத்த தடம் அதை உறுதிசெய்யும் அல்லது தகர்க்கும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை உடன் நடப்பவர் காண்பார். மூத்தவரின் ஊகம் பொய்த்தால் இளையவர் அதைச் சொல்லலாம். தடம் கண்முன்னே கிடப்பதால் அங்கு வயது வாதமாகாது. தென்னாப்பிரிக்கரான லூயி லீபன்பெர்க், அறிவியல் சிந்தனையின் தோற்றுவாயே தடம் வாசித்தலில் உள்ளது என்று 1990-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். நம் கருத்தரங்குகளை எண்ணிப் பார்க்கையில், எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

இந்தத் தோழமைக்கு ஓர் அரசியல் வடிவமும் உண்டு. சந்தால் மரபில் ஆண்டு வேட்டையை அறிவித்து நடத்துபவர் திஹ்ரி எனப்படும் வேட்டைப் பூசாரி. அழைப்பாகச் சால மரக்கிளை சந்தைகளில் சுற்றிவரும்; அதிலுள்ள இலைகளின் எண்ணிக்கை எஞ்சிய நாள்களைக் குறிக்கும். வேட்டைக்குப் பின் காட்டில் தங்கும் இரவில் ‘லோ பிர்’ மன்றம் கூடும். ஊர்த்தலைவரின் தீர்ப்பில் குறை கண்டவர் அங்கு முறையிடலாம். தலைவரே குற்றஞ்சாட்டப்படவும் கூடும். சந்தால்களின் உச்ச நீதிமன்றம் என்று இதைக் குறிப்பிடுவர். வேட்டைக்கு எதிரான சாலைத்தடுப்பு இந்த மன்றத்தின் வழியையும் அடைத்துவிடுகிறது.

அதேவேளை ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு வேட்டை பெரும்பாலும் ஆரவாரத்துடன் விலங்குகளைக் கலைத்து விரட்டுவது. தடம் வாசிக்கும் நுட்பத்துக்கு அங்கு இடம் குறைவு. அந்நுட்பம் வாழ்ந்தது, ஆண்டின் மற்ற நாள்களில் இருவர் மூவராகச் செல்லும் நடைகளில். அது ஆண்களுக்கு மட்டும் உரியதுமன்று. சந்தால் ஆண்டு வேட்டையில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் சால இலையும் காளானும் சேகரிக்க விடியலில் காடேகும் பெண்கள் கரடித் தடத்தை அடையாளம் காணாமல் உயிருடன் திரும்ப இயலாது. ஓராவோன் மக்களிடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெண்கள் ஆணுடையில் வேட்டைக்குச் செல்லும் ‘ஜனி ஷிகார்’ மரபும் உண்டு. நம் ஆவணங்களோ ஆண்களின் ஊர்வலத்தோடு நின்றுவிடுகின்றன.

மொழியியல் மாணவனாக என் துறைமீதும் எனக்குக் குறை உண்டு. சந்தாலியில் ‘செந்த்ரா’ என்னும் சொல் வேட்டையையும் தேடலையும் குறிக்கிறது. தமிழில் ‘வேட்டம்’ வேட்டையையும் விருப்பத்தையும் குறிக்கிறது. ஒன்று தேடலின் பக்கமும் மற்றொன்று வேட்கையின் பக்கமும் சாய்கிறது. இத்தகைய நயங்களை அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம். பாட்டிங்கின் சந்தால் அகராதி ஐந்து தொகுதிகளாக 1930-களிலேயே நிறைவுற்றுவிட்டது. அகராதியில் முழுமையாக அகப்படாதவை, முண்டா மொழிகளுக்கே உரிய செழுமையுடைய ஒலிக்குறிப்பு, அசைவுக்குறிப்புச் சொற்கள். நம் இரட்டைக்கிளவியை ஒத்த அவை, நொண்டும் நடையையும் தயங்கும் நடையையும் சருகுக்குள் நழுவும் அசைவையும் வெவ்வேறாகப் பிரிக்கவல்லவை. “இதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?” என்று கேட்டால் அவை வாரா.

இதை நான் கற்றது தாமதமாகவே. களப்பணியில் ஓர் அறைக்குள் அமர்ந்து பெரியவர் ஒருவரிடம் படங்களைக் காட்டிச் சொற்கள் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை நான்கைந்து பெயர்கள். மறுநாள் காலை குளக்கரை வழியே நடந்தபோது, சேற்றில் இருந்த பன்றித் தடங்களைப் பார்த்து, நான் கேளாமலே அரைமணி நேரம் பேசினார். ஒலிப்பதிவுக் கருவி அறையிலேயே இருந்தது. அன்று நான் இழந்ததைப் பின்னர் முழுமையாகப் பெற முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், விலங்கைப் பொறிவைத்துப் பிடிப்பதையும் விரட்டுவதையும்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபுரிமைகளை ஏற்கும் பிரிவிலேயே வேட்டையை வெளிப்படையாக விலக்குகிறது. அதற்கு நேர் முந்தைய உட்பிரிவோ, பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீது சமூகத்துக்கு உள்ள உரிமையை ஏற்கிறது. ஒன்று அறிவைக் காக்கிறது, அடுத்தது கொலையை விலக்குகிறது. தடம் வாசித்தல் முதல் உட்பிரிவுக்கே உரியது என்பது என் வாதம். நடைமுறையில் நாம் அதை இரண்டாவதோடு சேர்த்துத் தள்ளிவிட்டோம்.

இதில் வரலாற்றின் எள்ளலும் கலந்துள்ளது. இன்றைய ஜார்க்கண்டின் பலாமூவில்தான் 1932-இல் பாதத்தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணினர். பின்னர் நாடெங்கும் பரவிய அம்முறை, 2005-இல் சரிஸ்காவில் புலிகளே இல்லை என்பது வெளியானபோது நம்பகத்தன்மையை இழந்தது. ஒற்றைத் தடத்தைப் படியெடுத்து அது இன்ன புலி என்று முடிவுசெய்த முறை தோற்றது. கேமராக்கள் வந்தது சரியே. ஆனால் கேமராவை எந்தப் பாதையில் பொருத்துவது என்பதற்கு இன்றும் கால்நடையாகச் சென்று தடமும் எச்சமும் பார்த்தாக வேண்டும். அந்நடையில் வழிகாட்டும் உள்ளூர்க்காரர் பெரும்பாலும் தினக்கூலி. தென்னாப்பிரிக்காவில் தடம் வாசிப்போரின் திறனைக் களத்திலேயே தேர்வுசெய்து சான்றளிக்கும் முறை 1994-இல் தொடங்கிவிட்டது. எழுத்தறியாத வல்லுநர்களும் தம் அவதானிப்பைப் பதியும்படி, படக்குறிகள் கொண்ட மென்பொருளும் அங்கு உருவானது.

இத்திறனைக் கற்பித்தால் கள்ளவேட்டைக்குத் துணைபோவதாகாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. எனினும், சுருக்குக் கம்பிக்கும் மின்கம்பிக்கும் இந்த நுட்பம் தேவைப்படுவதில்லை. அத்தகைய கண்ணிகளைக் கண்டறிந்து அகற்றுவதற்கே இது தேவைப்படுகிறது. பழங்குடியினர் அனைவரும் பிறவியிலேயே தடமறிவோர் என்ற கற்பனையையும் கைவிட வேண்டும். செங்கற்சூளைக்கும் கட்டடப் பணிக்கும் வெளியூர் சென்ற இளைஞர்க்கு இது தானாக வராது. கற்றால்தான் வரும், உடன் நடக்க ஒருவர் இருந்தால்தான் கற்க இயலும்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. வனத்துறை, தடம் வாசிப்போரை வல்லுநர்களாகத் தேர்ந்து, வல்லுநர்க்குரிய ஊதியம் தரட்டும். வேட்டை நாளில் சாலைத்தடுப்புகளோடு நின்றுவிடாமல், திஹ்ரிகளுடனும் மன்றத்துடனும் முன்கூட்டியே அமர்ந்து பேசட்டும். கொலையின்றிக் கூடும் கூடுகையின் வடிவத்தை அம்மக்களே முடிவுசெய்யட்டும். மூன்றாவது நமக்கானது. சொற்பட்டியலோடு அறைக்குள் அமர்வதைக் குறைத்து, நடந்துகொண்டே பதிவுசெய்வோம்; சொன்னவர் இசைந்தால், அவரை இணையாசிரியராகக் குறிப்பிடுவோம்.

என் ஆய்வேட்டு வரைவில் அந்தப் பெரியவர் ‘தகவலாளர் 3’ என்றே இருக்கிறார். அதை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். துறையில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் துறைகளில் இந்த வழக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.