கடுகளவு பொட்டுக்கு முழு பானெட்டா?

போன மாசம் சயான்-பன்வேல் ஹைவேயில் முன்னால் போன லாரி ஒரு ஜல்லியைத் தெறிக்க, நம்ம வண்டி பானெட்டில் கடுகளவுக்கு பெயிண்ட் பெயர்ந்துடுச்சு. ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன் (பேர் வேண்டாம், விடுங்க). டை கட்டின பையன் பார்த்துட்டு, "முழு பானெட்டும் அடிக்கணும் சார். இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் போட்டுடலாம், செலவே இல்லை"ங்கறான்.

செலவே இல்லையாம்! அஞ்சு வருஷம் க்ளெய்ம் போடாதவனுக்கு, சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ். ஒரு கடுகுக்காக அது பூஜ்யம். அப்புறம் ஒரு வருஷம் சும்மா இருந்தால்தான் மறுபடி 20. இதை அந்த டை சொல்லுமா?

காசை விடுங்க. கம்பெனியில் அடிச்ச பெயிண்ட் சுமார் 140 டிகிரி சூட்டில் வெந்தது. வெளியே பூத்தில் ரப்பர், பிளாஸ்டிக்கோட நிக்கிற வண்டியை 60 டிகிரி வாக்கில்தான் சுடுவாங்க. நல்லா இருக்கிறதைத் தேய்ச்சு எடுத்துட்டு மட்டமானதை அடிச்சுக்க நாமே காசு கொடுக்கணும். தாராவியில் டிங்கரிங் பார்க்கிற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருத்தர் நச்சுன்னு சொன்னார்: "கம்பெனி பெயிண்ட்ட தொடாதீய தம்பி. விக்கப் போனா அததான் மொதல்ல பாப்பான்."

வேலை என்ன பெரிய வேலை? கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் கலர் கோடைப் பார்த்து டச்-அப் பெயிண்ட் வாங்குங்க. நிழலில் நிறுத்தி, கழுவித் துடைச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை எடுங்க. துரு இருந்தால் சுரண்டுங்க. இரும்பு தெரிஞ்சா முதலில் பிரைமர். பிரஷ்ஷால் பூசாதீங்க. பல்குச்சி முனையில் துளி துளியா, ஒண்ணு காய்ஞ்சப்புறம் அடுத்தது. கடைசியா க்ளியர் கோட். ஜூலையில் ஆரம்பிச்சுடாதீங்க, நம்ம மும்பை ஈரத்தில் க்ளியர் கோட் பால் மாதிரி வெளுத்துடும். அதுக்காக அப்படியே விட்டாலும் கடல் காத்துக்குத் துரு பிடிக்கும். (எங்க செம்பூர் சொசைட்டி மாமா தங்கமணியோட நெயில் பாலிஷைத் தடவி, இப்ப வண்டிக்கும் திட்டு, அவருக்கும் திட்டு.)

ஒடுக்கு விழுந்தாலோ, விரல் நீளத்துக்குக் கீறல்னாலோ மிஸ்திரிகிட்டயே போங்க. மெட்டாலிக் கலர்னா உத்துப் பார்த்தால் பொட்டு தெரியத்தான் செய்யும். தெரியட்டுமே!

எங்கப்பா ஊரில் தன் சைக்கிளுக்கு வருஷா வருஷம் தானே பெயிண்ட் அடிச்சார். அவர் பிள்ளைகள் நாம, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஏ.சி.யில் உட்கார்ந்து ஆணி புடுங்கிட்டு, ஒரு துளி பெயிண்ட் வைக்க ஆள் தேடறோம்.

நேத்து எங்க வீட்டில் மூணாவது துளி. பையன்தான் வச்சான். கொஞ்சம் மேடாத்தான் இருக்கு. அடுத்த வாரம் 2000 நம்பர் தண்ணிப் பேப்பரில் லேசா தேய்க்கணும் :-)