பாட்டி வீடும் ஆயாக் கொட்டகையும்

ஆண்டுக் கடைசி வந்துவிட்டது. மேல்நாட்டில் இது பனி கொட்டும் காலம். நமக்குப் பனி ஏது? நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் நமது குளிர்காலம். விடிந்தது தெரியாமல் தூறும். மத்தியானம் இருட்டிக்கொண்டு கொட்டும். அந்த மழையோடு மழையாகப் பள்ளி விடுமுறையும் வந்து சேரும். உடனே தாத்தா பாட்டி வீட்டில் டெலிபோன் மணி அடிக்கும்.

"அம்மா, வெள்ளிக்கிழமையோட ஸ்கூல் லீவு விடுறாங்க. சனிக்கிழமை காலையில பிள்ளைங்களைக் கொண்டாந்து விட்டுடறோம்."

கவனித்தீர்களா? "விடலாமா?" என்று கேட்கவில்லை. "விட்டுடறோம்" என்கிறார்கள். இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு கொஞ்சம் பேசப் போகிறேன். பேரப்பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்ல வந்துவிட்டாள் இவள் என்று என்மேல் பாய வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளாக இந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் இருந்தது. நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பிறகு, 2022 முதல் மலேசியாவில் பள்ளி ஆண்டு மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. டிசம்பர் விடுமுறையும் சுருங்கிப்போனது. 2026இல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்குத் திரும்பியது. டிசம்பர் பழையபடி விடுமுறை மாதமாகிவிட்டது. பழைய பழக்கமும் திரும்பி வருகிறது. ஆகவேதான் சொல்லுகிறேன்.

தெலுக் இந்தான் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். இருவருமே பால்மரம் வெட்டியவர்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போய், வாளியும் உளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியது. ஐம்பத்தைந்து வயதில் வேலை ஓய்ந்தது. லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி டவுனுக்குப் பக்கத்துத் தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்குப் போய்விட்டது. பெரியவர் அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மகள் ஷா ஆலாமில், மகன் ஜொகூர் பாருவில். இரண்டு வீட்டிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

பெரியவருக்கு ஓய்வு கிடைத்தது. காலையில் கோப்பி, பேப்பர், மாலையில் கோயில் திண்ணை. அந்த அம்மாளுக்குக் கிடைத்தது என்ன? மரம் வெட்டுவது நின்றது, அவ்வளவுதான். அடுப்பும் துடைப்பமும் எந்த வயதிலும் ஓய்வுக் கடிதம் கொடுப்பதில்லை.

2019ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் பள்ளிகள் மூடின. நான்கு பேரப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பெரியவனுக்கு வயது பத்து, கடைக்குட்டிக்கு நான்கு. ஐந்து வாரத்துக்கு மேல் அவர்கள் அங்கேதான்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெரட்டுக்குப் போன பழக்கம். அம்மாளுக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். பெரியவருக்குக் கோப்பி. பிள்ளைகள் எழுந்திருக்க ஒன்பது மணி. ஒருவனுக்குத் தோசை, ஒருத்திக்கு மீ கோரேங், ஒருவன் மைலோவைத் தவிர வேறொன்றும் தொடமாட்டான், கடைக்குட்டிக்கு ஊட்ட வேண்டும். பசியாறி முடிவதற்குள் மத்தியானச் சமையல். இரண்டு பேருக்கு இரண்டு மாதம் வரும் 14 கிலோ கேஸ் தோம்பு மூன்று வாரத்தில் தீர்ந்துபோனது.

துணி இருக்கிறதே, அதுதான் பெரிய சங்கடம். மற்ற மாதத்தில் துவைத்ததைக் கொடியில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். டிசம்பரில் காலையில் வெளியே போட்ட துணியைப் பத்து மணிக்கு ஓடிப்போய் எடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு வெயில் காட்டும், மறுபடி போடு. ஒரு மணிக்கு மழை, மறுபடி எடு. ஆறு பேருடைய சட்டையும் கால்சட்டையும் துண்டும் முன்கூடத்தில், நாற்காலி முதுகில், ஜன்னல் கம்பியில், மின்விசிறிக்குக் கீழே. வீடு முழுவதும் ஈர வாடை. தோட்டத்தில் டிசம்பர் மழை என்றால் மரம் நனைந்து வெட்டு இல்லாமல் போகும், சம்பளம் குறையும். ஆனால் உடம்பாவது லயத்தில் கிடக்கும். இங்கே மழை பெய்யப் பெய்ய வேலை கூடிக்கொண்டே போனது.

தாத்தா சும்மாவா இருந்தார் என்று ஆண் வாசகர்கள் கேட்பார்கள். சும்மா இல்லை. முதல் மூன்று நாள் பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நான்காம் நாள் சத்தம் தாங்காமல் கோயில் திண்ணைக்குக் காலையிலேயே போய்விட்டார். "என்னங்க, இதுங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்களேன்" என்றால், "நான்தான் நேத்து பார்த்தேனே" என்பது பதில். நம் வீடுகளில் தாத்தா பிள்ளையைப் பார்த்தால் அது உதவி. பாட்டி பார்த்தால் அது கடமை. இந்தக் கணக்கை எழுதியது யாரோ, எனக்குத் தெரியாது. நிச்சயமாக ஒரு பாட்டி எழுதியிருக்க மாட்டாள்.

சந்தோஷம் இல்லையா என்றால், ஏன் இல்லை? மார்கழி பிறந்ததும் பேத்தி பாட்டியோடு ஐந்து மணிக்கே எழுந்து, தூறலில் கரையும் என்று தெரிந்தும் வாசலில் கோலம் போட்டாள். டோங் சி நாளன்று பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் இஞ்சிப் பாகில் மிதக்கும் வண்ண வண்ண மாவுருண்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் கொட்டாங்குச்சி கோலியைப் போல எண்ணிப் பங்கு போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டுக் கேக் வந்தது. அந்த அம்மாள் இவற்றையெல்லாம் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். 2021 டிசம்பரில் ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கிய வாரத்தில், பிள்ளைகள் ஊரில் பாட்டி வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதே எத்தனை பெற்றோருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்! பாட்டி வீடு வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். ஆயாக் கொட்டகை நினைவிருக்கிறதா? விடியுமுன் தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாவிடம் விடுவாள். வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். வேலை முடிந்து பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். அந்த ஆயாவுக்குத் தோட்ட நிர்வாகம் சம்பளம் கொடுத்தது. அவளுக்கு ஒரு நேரம் முடியும், வீட்டுக்குப் போவாள். நோய் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொள்வாள். வெள்ளைக்காரத் துரை காலத்தில்கூட ஆயாவுக்கு இருந்த அந்த இரண்டு உரிமை, சம்பளமும் நேரமும், இன்றைக்கு நாம் பெற்ற தாய்க்கு நம் வீட்டில் இருக்கிறதா?

சம்பளம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தாய்க்குக் கூலியா என்று கேட்பீர்கள். கூலி வேண்டாம், அரிசி விலையாவது கொடுக்கலாம் அல்லவா? ஊழியர் சேமநிதி வாரியம் 2019இல் ஒரு கணக்கு வைத்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒருவருக்கு ஆகக் குறைந்தது 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது ஆண்டுக்கு வரும். மரம் வெட்டிய நம் மக்கள் அந்தத் தொகையின் நிழலையாவது பார்த்திருப்பார்களா? இருக்கிற கொஞ்சத்தில்தான் நான்கு பிள்ளைகளுக்கு மீனும் கோழியும் மைலோவும், கரண்டுக் கட்டணமும், கைப்பேசிக்கு டேட்டாவும். போதாக்குறைக்கு ஜனவரியில் பள்ளி திறக்கிறதே என்று தாத்தாவே காலணியும் வாங்கிக் கொடுப்பார். அரசாங்கம் தரும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவிப் பணம் பெற்றோர் கணக்கில் பத்திரமாக இருக்கும்!

அந்த 2019 டிசம்பரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாளுக்கு இனிப்பு நீர். நம்மில் இது யாருக்கு இல்லை? அந்த ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்விலேயே பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் ஆக அதிகம். டிசம்பர் நடுவில் அவருக்குக் கிளினிக்கில் தேதி. கடைக்குட்டியை யாரிடம் விடுவது? "பிள்ளைங்க போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டார். கையிருப்பில் இருந்த மாத்திரையை நீட்டிக்க, இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினார். பிள்ளைகள் ஊருக்குப் போவதற்கு முதல் வாரம், தரையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானை மிதித்திருக்கிறார். வலி தெரியவில்லை. இனிப்பு நீர் நாட்பட்டால் காலில் உணர்ச்சி மங்கிவிடும். முள் தைத்தாலும் தெரியாது. ஈரத் துணியும் ஈரத் தரையுமாக நின்ற கால். புண் சீழ் பிடித்து, வாடை வந்த பிறகுதான் பெரியவர் கண்ணில் பட்டது. ஜனவரியில் பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

மகளும் மகனும் ஓடி வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஏம்மா எங்ககிட்ட சொல்லலே?" என்று மகள் அழுதாள்.

"சொன்னா நீங்க லீவு போட்டுட்டு வரணும். வேலைக்கு இடைஞ்சல்" என்றார் அந்த அம்மாள்.

லீவு! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. கணவனுக்கு 16, மனைவிக்கு 16. அதில் ஆளுக்கு ஐந்து நாள் டிசம்பருக்கென்று ஒதுக்கி, மாறி மாறி எடுத்தால் பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் கழிந்துவிடும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கல்யாணத்துக்கும் லீவு எடுக்கத் தெரிந்த நமக்கு, இது மட்டும் ஏன் தோன்றுவதில்லை? பாட்டி இருக்கிறார், அவருக்கு என்ன வேலை என்ற எண்ணம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பேசியது பெரியவர்தான். அதைக் கேட்டு நான் வியந்துபோனேன். பின்னால் ஒரு தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தபோது சாப்பாடு முடிந்து கை கழுவுமுன் சொல்லியிருக்கிறார்: "இனிமே பிள்ளைங்க வரட்டும். பதினைஞ்சு நாள். அதுக்கு மேல உங்கம்மாவால முடியாது, என்னாலயும் முடியாது. அம்மாவுக்குக் கிளினிக் தேதி இருக்கிற அன்னைக்கு உங்கள்ல ஒருத்தர் இங்க இருக்கணும். துணி என் பொறுப்பு." கடைசி வாக்கியத்தைக் கேட்டு அம்மாளே சிரித்துவிட்டாராம். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் ஒரு துண்டைக்கூடப் பிழிந்ததில்லை.

மகள் தலையாட்டினாள். மகனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "சொந்தப் பேரனுக்கு நாள் கணக்கா?" என்று கேட்டுவிட்டு அன்றே காரை எடுத்துவிட்டான். மருமகள்தான் மறுநாள் போன் போட்டு, "அத்தை, மாமா சொன்னதுல தப்பில்லை" என்றிருக்கிறாள். மருமகள்மார் எல்லோரும் ஒரே மாதிரி என்று பேசுகிறவர்கள் இதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மகன் ஒன்றரை ஆண்டு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அம்மாளுக்கு இது விரல் போனதைவிடப் பெரிய வலி. "நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று பெரியவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவரும் பதில் பேசாமல் துணி காயப்போடப் போய்விடுவார். சொன்னதைச் செய்தார் என்பதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி அவர் கொடிக்கும் வீட்டுக்கும் நடப்பதை அந்தத் தாமானே வேடிக்கை பார்த்தது.

உங்கள் வீட்டுக்கும் இந்த மாதம் பிள்ளைகள் வருவார்கள். அல்லது நீங்களே கொண்டுபோய் விடுவீர்கள். கொண்டுபோகிறவர்கள் புறப்படுமுன் ஒரு போன் போட்டு, "அம்மா, எந்தத் தேதியில உங்களுக்குக் கிளினிக்?" என்று கேட்டுவிட்டுப் பிறகு பெட்டியைக் கட்டுங்கள். பாட்டிமார்களே, அப்படிக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று சொல்லாமல் அட்டையை எடுத்துத் தேதியைப் படித்துச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பதி வீட்டில் அன்றைய கடைக்குட்டிக்கு இப்போது தானே சோறு போட்டுச் சாப்பிடத் தெரியும். மகனுக்குப் பிறகு பிறந்த இன்னொரு சின்னவனும் இருக்கிறான். இந்த முறை அவனை ஜொகூர் பாருவிலிருந்து கொண்டுவந்து விட்டது மகனேதான். வாசலில் நின்று, "பதினைஞ்சு நாள்தானேப்பா?" என்று கேட்டிருக்கிறான். குத்தலாகக் கேட்டானா, நல்லபடியாகக் கேட்டானா என்று அம்மாளுக்கும் பெரியவருக்கும் இன்னும் வாக்குவாதம். காரின் பின்னாலிருந்து ஒரு பத்து கிலோ அரிசிப் பையையும் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.