களை என்று தள்ளுவதா, சரக்கு என்று கொள்வதா?



மேல்நாடுகளில் ‘டான்டேலியான்’ என்றொரு மஞ்சள் பூச்செடி உண்டு. புல்தரையில் முளைத்தால் களை. கடைக்கு வந்தால் சரக்கு. இலை கீரையாகிறது, வறுத்த வேர் காபிக்கு மாற்றாகிறது. நாம் காபித் தூளோடு விற்கும் சிக்கரியும் அதே குடும்பம்தான். காஷ்மீரத்தில் இதை ‘ஹந்த்’ என்பார்கள். பறித்துச் சமைப்பதோடு, காயவைத்துப் பனிக்காலத்துக்கும் வைத்துக்கொள்வார்கள்; பிள்ளை பெற்ற தாய்க்கும் கொடுப்பார்கள்.

நம் சமவெளியில் அந்தச் செடி இல்லை. ஆனால் களைக்கீரைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மழை பெய்தால் சோளக்காட்டில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் விதைக்காமலே முளைக்கும். களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டி வந்து, நாலைந்தைக் கலந்து, பருப்போடு வேகவைத்துக் கடைவார்கள். களிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

2011-ல் சரவணம்பட்டி கோவை மாநகராட்சியில் சேர்ந்தது. சோளக்காடுகள் கட்டடங்களாகி விட்டன. மிச்சமுள்ள காட்டிலும் களைக்கொல்லி வந்துவிட்டது. கீரையை அடையாளம் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. ஆனால் கேட்டு வரும் வாடிக்கையாளர் குறையவில்லை. இந்த இடைவெளியில்தான் வியாபாரமும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது.

நம் கடைக்கு ஒருமுறை மூட்டையாகப் பொடி வந்தது. சீட்டில் ‘மூலிகைக் கீரை’ என்று மட்டும் இருந்தது. என்ன கீரை, எந்த ஊர் என்று கேட்டோம், பதில் இல்லை. திருப்பி அனுப்பினோம். பெயர் தெரியாத பச்சையெல்லாம் கீரை ஆகாது. பார்த்தீனியமும் டான்டேலியான் குடும்பத்துச் செடிதான்; அதை யாராவது தின்பார்களா?

ஆகவே நம் யோசனை மூன்று. முதலாவது, கீரை தெரிந்த பெண்களிடம் நேரடியாக வாங்கி, பறிகூலி கட்டுப்படியாகும்படி விலை கொடுப்போம். இரண்டாவது, மருந்தடித்த காடு, சாக்கடை ஓரம், ரோட்டோரம் ஆகிய இடங்களில் பறித்ததைத் தொடவேண்டாம். மூன்றாவது, பாக்கெட் போட்டால் ஒவ்வொரு கீரையின் பெயரும் லேபிளில் இருக்கட்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி பதிவும் இருக்கட்டும். ‘சர்க்கரை தீரும், கல் கரையும்’ என்று எழுதி விற்பது நமக்கு வேண்டாம். நாம் மளிகைக்காரர்கள், வைத்தியர்கள் அல்ல.

சீமைக் களை காசாகும்போது நம் காட்டுக் கீரை ஏன் ஆகக்கூடாது? நாணயமாக விற்றால் நிச்சயம் ஆகும்.