கைப்பிடிக் கணக்கு

வீட்டுப் புறக்கடையில் ஒரு செண்டு, இரண்டு செண்டு நிலத்தில் காய்கறி விளைவிப்போர் இன்று பலர், மகிழத்தக்கதே. அவருள் உரத்தை அளந்து இடுவோர் எத்துணைப் பேர்? 'செடிக்கு ஒரு கைப்பிடி' என்பதே பெரும்பாலோர் கணக்கு. கைக்குக் கை பிடி வேறுபடும். உரத்துக்கு உரம் ஊட்டம் வேறுபடும். இதனை அளவென்பது எங்ஙனம் பொருந்தும்?

அளந்து செய்தல் நமக்குப் புதிதன்று. ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் கைப்பிடி எருவும் இடவேண்டுவதில்லை என எடைகூறி உழவு சொன்னவர் வள்ளுவர். அடுத்த குறளிலேயே உழவினும் எருவுக்கு ஏற்றம் தந்தார்.

பயிர் மண்ணிலிருந்து மிகுதியாக எடுப்பவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்று. ('சத்து' என்னும் ஈற்றை விடுத்துத் தழையூட்டம், மணியூட்டம், சாம்பலூட்டம் என நாம் எழுதுவோம்.) பெயரே பணியை விளக்குகின்றது. தழையூட்டம் இலையையும் தண்டையும் வளர்ப்பது; மணியூட்டம் வேரூன்றவும் பூத்து மணிபிடிக்கவும் துணைசெய்வது; விறகுச் சாம்பலிலும் கிடைக்கும் மூன்றாவது, செடிக்குத் திண்மையும் நோய்தாங்கும் வலிவும் தருவது. கலப்புர மூட்டையின்மேல் அச்சிட்ட மூன்று எண்களும் இவ்வரிசையிலேயே இவற்றின் விழுக்காட்டைக் குறிக்கும். மூன்று ஆங்கில எழுத்துகளாக மட்டுமே இவற்றை அறிந்தவனுக்கு எது இலைக்கு, எது காய்க்கு என்பது விளங்குமா?

கத்தரியை எடுத்துக்கொள்வோம். ஒட்டல்லாத வகைகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 25 டன் தொழுவுரமும், 100 கிலோ தழையூட்டமும், 50 கிலோ மணியூட்டமும், 30 கிலோ சாம்பலூட்டமும் பரிந்துரைக்கின்றது. ஓர் எக்டேர் 247 செண்டு. ஆகவே ஒரு செண்டுக்குத் தொழுவுரம் ஏறத்தாழ 100 கிலோ. தழை 405 கிராம், மணி 202 கிராம், சாம்பல் 121 கிராம். இவை ஊட்டத்தின் எடை, உரத்தின் எடையல்ல. இவ்விடத்தில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். யூரியாவில் தழையூட்டம் 46 விழுக்காடே. எனவே 405ஐ 100ஆல் பெருக்கி 46ஆல் வகுக்க, யூரியா 880 கிராம் ஆகின்றது. அவ்வாறே, 16 விழுக்காடு மணியூட்டமுள்ள சூப்பர் பாசுபேட்டு ஒன்றேகால் கிலோவும், 60 விழுக்காடு சாம்பலூட்டமுள்ள பொட்டாசு 200 கிராமும் போதும்.

யூரியாவில் பாதியை நடும்போதும், எஞ்சிய 440 கிராமை 30ஆம் நாளிலும் இடவேண்டும். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஒரு செண்டில் ஏறத்தாழ 110 செடி நிற்கும். செடியொன்றுக்கு மேலுரம் நான்கு கிராம்! கைப்பிடியோ அதனினும் பன்மடங்கு. 45 கிலோ மூட்டை ஒன்று ஐம்பது செண்டுக் கத்தரிக்குப் போதும்; அதனை வாங்கி ஒரு செண்டில் கொட்டித் தீர்ப்போரும் உளர்.

தழையூட்டம் மிகின் செடி கொழுத்துத் தழைக்கும், காய் குறையும், அசுவினி போன்ற சாறுண்ணிகள் வந்து மொய்க்கும். செடி உண்ணாதது நீரோடு நைட்ரேட்டாய்க் கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் இலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குமேல் நைட்ரேட்டு இருத்தலாகாது என்பது இந்திய வரையறை. மிகுந்தால் முதற்கேடு கைக்குழந்தைக்கே. தோட்டத்து மூலையில் குடிநீர்க் கிணறு உள்ளவர் இதனை எண்ணிப் பார்க்க.

'நாங்கள் இயற்கை எருவே இடுவோம், எங்களுக்கு ஏன் கணக்கு?' என்பாரும் உளர். அவர்க்கும் உண்டு. கடலைப் பிண்ணாக்கில் தழையூட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடு. அதனாலேயே 405 கிராமை நிறைக்க ஆறு கிலோ வேண்டும். தொழுவுரத்தில் அரை விழுக்காடே. அதிலும் முதற்பருவத்தில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பங்குதான்.

இவையெல்லாம் பொதுக்கணக்கு. தம் மண்ணில் முன்பே இருப்பது என்னவென அறியப் பத்திடங்களில் அரையடி ஆழத்து மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை அரசின் மண் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். சாம்பலூட்டம் மிகுதியென விடை வந்தால் அந்த 200 கிராம் பொட்டாசையும் குறைத்துக்கொள்ளலாம்.