ஏதிலியர் அல்லர், இம்மண்ணின் உறவினர்!

வேரோடு பெயர்த்து நட்ட நாற்றுக்கு வேலி மட்டும் இட்டு, நீர் வார்க்க மறுப்பவனை உழவன் என்று யாரேனும் உரைப்பரோ? ஈழத்திலிருந்து வந்த தமிழரை இந்திய அரசு நடத்தும் முறையும் அஃதே.

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் தம் குளம்பித் தோட்டங்களுக்குச் சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரைப் பகுதிகளின் ஏழைத் தமிழரைக் கூலிகளாய்க் கொண்டு சென்றனர். மன்னாரிலிருந்து மலைநாட்டுக்கு நடந்த காட்டுவழியில் கழிச்சல் நோய்க்கும் குளிர்காய்ச்சலுக்கும் மாய்ந்தோர் கணக்கிலர். எஞ்சியோர் உழைத்து இலங்கையை வளப்படுத்தினர். கைம்மாறு யாது? 1948-இல் அவர்தம் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964-இல் அவர்களை ஒரு சொல்லும் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தில்லியும் கொழும்பும் தலைகளைப் பங்கிட்டன! 1983-இல் இனக்கொலைத் தீ மூண்டபின் ஈழத்தமிழரொடு மலையகத் தமிழர் பலரும் கடல் கடந்து வந்தனர். பாட்டன் புறப்பட்ட தமிழ்மண்ணுக்கே பேரன் 'அகதி' என்னும் வடசொற் பெயர் சுமந்து திரும்பினான்.

சேலத்துப் பவளத்தானூர், நாமக்கல் பரமத்தி எனத் தமிழகமெங்கும் அவர்தம் குடியிருப்புகள் உள. அத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் பத்தடிச் சதுர அறையே ஒரு குடும்பத்தின் அடுக்களையும் நோய்ப்படுக்கையுமாய் இருந்துவந்தது. நெருக்கத்தில் இருமலும் சொறியும் எளிதில் தாவும். அவற்றுக்கு மருந்துண்டு, 'நாளை எங்கே?' என்னும் உள்ளநோய்க்கு எந்த மருத்துவமனையில் மருந்துண்டு?

2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாய்க் கட்ட அறிவித்தது. நன்று. ஆயின், பெயர் மாறியும் சட்டம் மாறவில்லையே! 1987 சூலை முதல் நாளுக்குப்பின் இங்கேயே பிறந்த பிள்ளையும், பெற்றோர் இருவரும் குடியுரிமையற்றோராயின், அயலானே. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாட்டாருக்குக் கதவு திறந்தது, ஈழத்தமிழர்க்குத் திறக்கவில்லை. 2025-இல், 2015 சனவரி 9-க்குள் வந்து பதிந்தோர்க்கு ஆவணமின்மைக்குரிய தண்டனையிலிருந்து விலக்களித்தனர். தண்டியாமை உரிமையாகுமா? பட்டம் பெற்ற இளைஞனும் அரசுப்பணிக்கு வழியின்றிச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகின்றான்.

தில்லியை மட்டும் பழித்துத் தமிழர் தப்பலாகாது. மேடையில் 'தொப்புள்கொடி உறவு' என முழங்கிவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனை வாயிலிலேயே 'அகதி' என்று தடுப்பவன் எவ்வினத்தான்? தமிழினத்தீர்! வீட்டுக் கதவைத் திறமின்; கொள்வினை கொடுப்பினை செய்ம்மின்; குடியுரிமை வழங்குமட்டும் தில்லியின் கதவைத் தட்டுமின்! அந்நோய்க்கு மருந்து அவ்வுரிமையே.