புரட்டிய கல்லைத் திருப்பி வை



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் நம் குரூப்பில் ஒரு வீடியோ போட்டான். கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போனவன், வெள்ளிமலைப் பக்கம் கல்லைப் புரட்டி ஒரு நட்டுவாக்காலியைப் பிடித்து வந்திருக்கிறான். கண்ணாடித் தொட்டி, காய்ந்த ஆற்று மணல், மேலே மஞ்சள் பல்பு. பையன் குச்சியால் சீண்ட, அது கொடுக்கைத் தூக்குகிறது. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கேட்டால், "சார், வெளிநாட்டில் பாலைவனத் தேளையே வளர்க்கிறாங்க" என்கிறான். தம்பி, தப்பே அங்கேதான். அரிசோனா பாலைவனத்துத் தேளுக்கு வறண்ட மணல் சரி. நம் நட்டுவாக்காலி ஈர மண்ணில் வளை தோண்டி, பகலெல்லாம் இருட்டில் கிடக்கும் உயிர். அதை மணலில் போட்டு விளக்கும் போட்டால் ஈரம் வற்றிச் சாகும். கிளிக்கூண்டில் மீனை விட்ட கதைதான்.

"பாசமாகப் பார்த்துக்கிறேன் சார்" என்கிறாய். நாய் உன்னைக் கண்டால் வாலாட்டும். தேளுக்கு உன்னைத் தெரியாது. அது கொடுக்கைத் தூக்குவது விளையாட்டு அல்ல, பயம்.

தேள் முட்டையிடாது, குட்டி போடும். அந்தக் குட்டிகள் முதல் முறை தோலுரிக்கும் வரை தாயின் முதுகில்தான் இருக்கும். நீ பிடித்து வந்தது சினையாக இருந்தால்? ஆப்பிரிக்காவின் பேரரசத் தேளை இப்படி ஆசைக்கு ஆசை அள்ளினார்கள். கடைசியில் 1995 முதல் அதன் பன்னாட்டு வியாபாரத்துக்கே கட்டுப்பாடு வந்தது.

பையனை நினைத்துப் பார். பெரிய கருந்தேள் கொட்டினால் வலிக்கும்; உயிர் போவது அரிது. ஆனால் சிறிய செந்தேள் அப்படியல்ல. அதன் விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். குழந்தைகளுக்கு மிக ஆபத்து. மகாராஷ்டிராவின் மகாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் மாத்திரையால் பலரைப் பிழைக்க வைத்தது 1980களில்தான். இன்று பெரியதைச் சீண்டிப் பழகிய கை, நாளை சின்னதைப் பார்த்துப் பயப்படுமா?

அடித்துக் கொல்லவும் நான் சொல்லவில்லை. மலைப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் தேள் வரும். நான் செருப்பைத் தேடுவதற்குள் ஒரு மாணவி துடைப்பத்தால் அதை முறத்தில் தள்ளி, வேலியோரம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் தம்பி, வெறுங்கையால் தொடாமல், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடு. புரட்டிய கல்லைத் திருப்பி வை. பையனுக்கு ஆசை தீரவில்லையா? ஒரு புற ஊதா டார்ச் வாங்கிக் கொடு. அந்த வெளிச்சத்தில் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். இரவில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் காலில் ஷூ போட்டு, தள்ளி நின்று இருவரும் பாருங்கள். அந்த வீடியோவை அனுப்பு, முதல் கைதட்டல் என்னுடையது.