நகரத்து அடுக்குப் பண்ணை: ஸ்ரீமுஷ்ணம் உழவர்களின் நிலைப்பாடு

சென்னை போன்ற நெரிசலான நகரத்தில், அடுக்கடுக்காகப் பயிர் வளர்க்கும் அடுக்குப் பண்ணை அமைக்கலாமா? தாராளமாக அமைக்கலாம் என்கிறது ஸ்ரீமுஷ்ணம் பகுதி உழவர்களின் அமைப்பு. ஆனால், அது வெயிலில் விளைய வேண்டும். நகரத்தின் சொந்த நீரில் விளைய வேண்டும்.

சென்னை விவகாரத்தில் ஸ்ரீமுஷ்ணத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஊருக்குக் கிழக்கே வீராணம் ஏரி. சோழர் காலத்து அந்த ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை தண்ணீர் குழாயில் போகிறது. வடக்கே நெய்வேலி. அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. அந்தச் சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்டத்தான், 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நகரத்தில் கூடுதலாக எரியும் விளக்குக்கும் ஓடும் மோட்டாருக்கும் இந்த வட்டாரம் விலை கொடுக்கிறது.

அடுக்குப் பண்ணையை அமைப்பு பழிக்கவில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்பொமியர் 1999இல் மாணவர்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்த இந்த யோசனையில் நன்மை உண்டு. மண்ணில்லாச் சாகுபடியில் அதே நீர் சுற்றிச்சுற்றி வருவதால் வயலைவிட மிகக் குறைந்த தண்ணீர் போதும். நகரத்திலேயே விளைவதால், காலையில் அறுத்த கீரை மதியம் குழம்பில் கொதிக்கும்.

சிக்கல் வெளிச்சத்தில்தான். நாற்புறமும் அடைத்த கட்டடத்தில், காசில்லாமல் கிடைக்கும் வெயிலுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கின் சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஓட வேண்டும். இப்படி விளைவித்த அமெரிக்க நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கோரியது. பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் மூடப்பட்டது. இத்தகைய பண்ணைகளை அழுத்தும் சுமைகளில் மின்செலவு முக்கியமானது.

சிங்கப்பூரின் ஸ்கை கிரீன்ஸ் பண்ணை வேறு வழியில் போனது. சுமார் 9 மீட்டர் உயரக் கோபுரத்தில் கீரைத் தட்டுகள் மெல்லச் சுழன்று ஒவ்வொன்றாக வெயில் வாங்கும். நீரின் விசை உதவுவதால், தட்டுகளைச் சுழற்ற ஒரு குண்டு பல்பு எரியும் மின்சாரம் போதும். அமைப்பு ஏற்கும் வடிவம் இதுதான்.

எனவே அமைப்பின் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: அரசு மானியம் பெறும் பண்ணை வெயிலை முதல் ஆதாரமாகக் கொள்ள வேண்டும், மோட்டாருக்கான மின்சாரத்தைக் கூரையிலுள்ள சூரியத் தகடுகளிலிருந்தே எடுக்க வேண்டும்.

இரண்டு: மழைநீரும் சுத்திகரித்த நீருமே பாய வேண்டும். கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. உரிய பரிசோதனையோடு அந்த வழியைப் பண்ணைக்கும் திறக்கலாம்.

மூன்று: கீரை, புதினா, கொத்தமல்லி, நாற்றங்கால் போதும். கீரை ஒரு மாதத்தில் அறுவடையாகும்; தண்டும் இலையும் உணவாகும். நான்கு மாதம் வெயில் குடித்துக் கதிர் தரும் நெல்லுக்கு வயல்தான் இடம்.

நான்கு: நகரப் பண்ணைக்கான பணத்தை வாய்க்கால் தூர்வாரும் நிதியிலிருந்து எடுக்கக் கூடாது.

அடுத்த பண்ணைக்கு வரைபடம் போடும் பொறியாளர்கள், அதற்கு முன் ஒருமுறை சேத்தியாத்தோப்புக்கு வந்து ஏரிக்கரையையும் வளையமாதேவி வயலையும் பார்த்துப் போக வேண்டும் என்று அமைப்பு அழைக்கிறது.